மலை பதில் சொல்லும்வரை

அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் வர ஒரு மூச்சு நேரம் ஆகும். "சாப்டியா?" என்று கேட்டால்கூட உடனே சொல்ல மாட்டார். கேட்டவர் முகத்தைப் பார்ப்பார். கேள்வி முழுதாக வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் இருக்கும். அதற்குப் பிறகுதான், "சாப்டேன்" என்பார்.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகப் பாண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். யாரையும் சும்மா விடமாட்டார். ஒருநாள் நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன்.

"எங்க?"

பதில் இல்லை.

"யோவ், எங்கய்யா போவணும்?"

"பாண்டி."

"அத்த சொல்றதுக்குள்ள தீவனூரே வந்துடும் போலக்குதே! இன்னாப்பா, ஊரு பேரு மறந்துட்டியா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு. அதைப் பார்த்து பஸ் இன்னொரு முறை சிரித்தது.

எங்கள் கடைக்கு முதன்முதலாக டியூப் லைட் வாங்கிய வருஷம் நான் அவருக்கு 'டியூப் லைட்' என்று பட்டப்பெயர் வைத்தேன். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அன்று நாங்கள் டேய், வாடா என்றுதான் பேசினோம். பத்தாவது வரை ஒரே பெஞ்சு. இன்று எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் கை எழுதுகிறது. பெயரை எழுதப் போவதில்லை. அது இசைத்தட்டு உறைகளில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். இங்கே எழுதினால் நான் செய்த காரியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு பிற்பகல் அவர் எங்கள் கடைக்கு வந்தார். பஜாரில் எங்களுக்கு ரேடியோ ரிப்பேர் கடை. மைக் செட்டும் வாடகைக்கு விடுவோம். நான் கடலூரில் பி.ஏ. படித்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, மனு போட்ட இடத்திலிருந்து தபால் வருமா என்று பார்த்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். அவர் தோளில் ஒரு சாக்குமூட்டை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை கட்டும் சாக்கு. அவருடைய அப்பாவுக்குச் சிங்கவரத்தில் மல்லாட்டைக் கழனி. விதைக்கடலை ரிப்பேருக்குக் கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். சாக்கைப் பிரித்தார். உள்ளே ஒரு கிதார். மரத்தில் சிவப்புச் சாயம், அடியில் காந்தம் வைத்த ஒரு பட்டை, அதிலிருந்து தொங்கும் ஒயர்.

"இதுக்குக் கரண்டு குடுப்பியா?" என்று கேட்டார்.

அந்த ஒயரை எங்கள் ஆம்ப்ளிஃபயரில் செருகக் கடையில் இருந்த எந்தப் பின்னும் சேரவில்லை. நான் ஒன்றை அறுத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். அவர் முதல் கம்பியைத் தட்டியதும் எதிர் மளிகைக்கடை செட்டியார் வெளியே வந்தார்.

"இன்னாப்பா அது, தகரத்த யாரு கிழிக்கிறது?"

கிதாருக்குள் ஏதோ உருண்டது. கவிழ்த்து உலுக்கினார். ஒரு மல்லாட்டை விழுந்தது. உடைத்து எனக்கு ஒரு பருப்பு, அவருக்கு ஒரு பருப்பு. அன்று முதல் அவர் கிதார் என் ஆம்ப்ளிஃபயரில்தான் பேசியது. இதை நான் ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறேன். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அந்தக் கிதார் பாண்டியில் கிடைத்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர்களைப் பாண்டியில் 'சொல்தா' என்பார்கள். அப்படி ஒரு சொல்தா வீட்டில் அவர் தோட்டவேலைக்குப் போனார். வேலை முடிந்ததும் கிதார் கற்றார். சொல்தா இறந்தபோது அந்த வீட்டம்மாள் கிதாரை அவரிடமே கொடுத்துவிட்டார். பிறகு கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில், நான்கு பேர் சேர்ந்த ராக் குழுவில் இரண்டு வருஷம். வெள்ளைக்காரர்களும், பிரெஞ்சு-தமிழ்க் கலப்பில் பிறந்த கிரியோல்காரர்களும் ஜோடியாக ஆட, இவர் வாசிக்க வேண்டும். அங்கிருந்து வெளியே அனுப்பப்பட்ட கதையை அவரே சொன்னார். அவர் நீளமாகப் பேசிய கதை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

"ஆடறவங்க ஒரு காலைத் தூக்கிட்டு நிக்கிறாங்க. நான் வாசிக்கல. மூணு எண்ற வரைக்கும் வாசிக்கல."

"ஏன்டா?"

வழக்கம்போல் சற்று நின்றார். "முன்னாடி வாசிச்சது இன்னும் காத்துல இருந்துச்சு. அது மேல இன்னொன்ன எப்படிப் போடறது?"

"அப்புறம்?"

"ஒரு அம்மா கீழ வுழுந்துட்டாங்க. வேலையும் பூட்சி."

இந்தப் பழக்கத்தோடுதான் அவர் எங்கள் குழுவுக்கு வந்தார். எங்கள் குழு என்றால் நான் தொடங்கிய மெல்லிசைக் குழு. நான் பாடுவேன், அறிவிப்பும் நான்தான். பி.ஏ. படித்ததற்கு வேறு எங்கும் உபயோகம் இல்லாததால், மல்லாட்டை விவசாயிகள் நிறைந்த பந்தலில் "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்று தொடங்குவேன். தளவானூரிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து போங்கோ அடிப்பார். ஒரு ஆர்மோனியம். இவர் கிதார். கல்யாணம், காதுகுத்து, திருவிழா. கூட்டம் சினிமாப் பாட்டுக் கேட்க வரும், கிதாரைப் பார்க்க நிற்கும்.

மண்டகப்பட்டில் ஒரு கல்யாணம். நான் உச்சத்தில் பாடி நிறுத்தினேன். அடுத்த வரிக்கு முன்னால் கிதார் வர வேண்டிய இடம். வரவில்லை. இவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். பெண்ணின் மாமா பந்தலுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தார், கையில் சாம்பார் கரண்டியோடு.

"இன்னா ஆச்சு? மைக்கு ஏன் நின்னுச்சு? தெருவுல யாருனா பூட்டாங்களா?"

அவர் பயந்ததில் தப்பில்லை. எங்கள் பக்கம் தெருவில் ஒரு சாவு விழுந்தால் முதலில் நிறுத்துவது மைக் செட்டைத்தான். அதனால் நல்ல காரியம் நடக்கிற இடத்தில் குழாய் ஸ்பீக்கர் சும்மா இருக்கக்கூடாது. மைக் செட்காரனுக்கு இது முதல் பாடம். மேடையில் பேசுகிறவர் தண்ணீர் குடிக்க வாயை மூடினாலும் ரெக்கார்டின் மேல் முள் இறங்கிவிட வேண்டும். நாதஸ்வரத் தட்டு ஒன்று எப்போதும் பிளேயரில் ஏறியே இருக்கும். மண்டகப்பட்டில் நான் பாய்ந்து போய் முள்ளைப் போட்டேன். அவசரத்தில் அது 'கீச்'சென்று தட்டைக் கீறிக்கொண்டு போனது. பந்தலில் பாதிப் பேர் காதைப் பொத்தினார்கள்.

"ஏன்டா டியூப் லைட், மானத்த வாங்கற?" என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் போங்கோக்காரர் சொன்னார்: "வுடு வாத்தியாரே. அவுரு அடுத்த கல்யாணத்துக்குச் சேத்து யோசிக்கறாரு."

மலையை அவர் கண்டுபிடித்தது அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு. செஞ்சிக் கோட்டை மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரியின் அடிவாரத்தில் ஒரு விழாவுக்குக் குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஏதாவது வாசி என்றேன். நாலு சுரம் வாசித்தார். நிறுத்தினார். அந்த நாலு சுரமும் மலையிலிருந்து திரும்பி வந்தன. பாறைக்குப் பாறை தட்டி, கொஞ்சம் கரகரத்து, கடைசிச் சுரம் மட்டும் நீண்டு. செஞ்சியில் பிறந்தவர்களுக்கு எதிரொலி புதிதல்ல. குழந்தையாக இருந்தபோது நாங்கள் எல்லோரும் மலையைப் பார்த்துக் கத்தியிருக்கிறோம். ஆனால் அவர் முகத்தில் அன்று பார்த்த சிரிப்பு புதிது. தாமதமில்லாமல் வந்த சிரிப்பு.

"பாத்தியாடா?" என்றார். "மலைக்கும் பதில் சொல்ல நேரமாவுது."

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் இதே வேலை. சாயங்காலம் அவர் கழனியிலிருந்து நேராக வருவார். கார் பேட்டரி ஒன்று, பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, இரண்டு குழாய்கள். என் சைக்கிளிலும் அவர் சைக்கிளிலும் கட்டிக்கொண்டு போவோம். ஒவ்வொரு இடமாக நின்று வாசிப்பார். இங்கே பதில் சீக்கிரம் வருகிறது, அங்கே தெளிவாக இல்லை என்று கால்களால் அளப்பார். கடைசியில் ஒரு புளியமரத்தடியில் நின்றார். அங்கிருந்து ஒரு குழாயைக் கிருஷ்ணகிரிக்கும் இன்னொன்றைக் கோட்டையின் எதிர் மலையான ராஜகிரிக்கும் திருப்பி வைத்தால் முதலில் கிருஷ்ணகிரி சொல்லும். நாம் முடிந்தது என்று நினைத்த பிறகு, முதுகுப் பக்கமிருந்து ராஜகிரி சொல்லும். தள்ளி இருப்பதால் அதற்கு இன்னும் நேரம்.

அந்த மரத்தடியில் அவர் தன் முதல் இசையை அமைத்தார். சினிமாப் பாட்டு இல்லை, ராக்கும் இல்லை. பாண்டியில் கற்ற விரல்தான், ஆனால் அவசரம் போய்விட்டிருந்தது. ஒரு வரி வாசித்து நிறுத்துவார். மலை அதைத் திருப்பிச் சொல்லும். மலை சொன்னதன் வாலைப் பிடித்து அடுத்த வரி. மூன்று இடைவெளிகள். மூன்றாவதுதான் நீளமானது. அதில் இரண்டு மலையும் பதில் சொல்லி முடிக்க வேண்டும், அதன்பின் கிதார் கடைசி வரிக்கு வரும். அந்தக் கடைசி வரியை அவர் எனக்குக்கூட வாசித்துக் காட்டவில்லை. "அன்னிக்குக் கேளு" என்றார்.

அன்னிக்கு என்றால் காணும் பொங்கல். சுற்றுப்பட்டு ஊர்சனம் முழுவதும் கோட்டைக்கு வரும் நாள். எங்கள் குழு புளியமரத்தடியில் வாசிப்பதாக ஏற்பாடு. அதில் பத்து நிமிஷம் தனக்கு வேண்டும் என்று கேட்டார். அவர் அப்பா வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா அதுவரை மகன் வாசித்துக் கேட்டதில்லை. கேட்காமலே கோபமாக இருந்தார். மகனிடம் ஒரு வாக்கு மட்டும் கொடுத்திருந்தார்.

"நாலு சனம் முன்னாடி நீயா ஒன்ன வாசிச்சு முடி. முடியற வரைக்கும் சனம் இருந்துச்சுன்னா, நான் உன்னக் கழனிக்குக் கூப்பிட மாட்டேன்."

முந்தின நாள் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இது சரியா வந்துச்சுன்னா மெட்ராஸ் போயிடுவேன்டா" என்றார். "தனியா வாசிக்கப் போறேன். பாட்டுக்குப் பின்னால நின்னது போதும்."

"நானும் வரேன்" என்றேன்.

என்னைப் பார்த்தார். வழக்கமான ஒரு மூச்சு. அது இரண்டாயிற்று, மூன்றாயிற்று.

"நீ வந்து இன்னா பண்ணுவ?"

அவர் அதை எகத்தாளமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே யோசித்துத்தான் கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்? பதில் வராத மனுக்கள், ரிப்பேருக்கு வந்த ரேடியோக்கள். கிதார் இல்லாத குழுவை எவன் கூப்பிடுவான்? அன்று நான் தூங்கவில்லை என்றெல்லாம் எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்தபோதும் ஒன்றும் தீர்மானித்திருக்கவில்லை.

காணும் பொங்கல் அன்று சாயங்காலம், வெயில் சாயும் நேரம். கரும்பு தின்றுகொண்டு, மாட்டுவண்டிகளை அவிழ்த்துவிட்டு, கூட்டம் உட்கார்ந்திருந்தது. அவர் அப்பா ஓரமாக நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராக இருப்பவர்போல. நாங்கள் நாலு பாட்டு முடித்தோம். பிறகு நான் ஆங்கிலத்தில் ஏதோ அறிவித்துவிட்டு பிளேயருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தனியாக நின்றார்.

முதல் வரி. நிறுத்தினார். கிருஷ்ணகிரி சொன்னது. சின்னப் பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தினார்கள். அதையும் மலை சொன்னது. கூட்டம் சிரித்தது. இரண்டாவது இடைவெளியில் யாரும் கத்தவில்லை. கரும்பு கடிக்கும் சத்தம் நின்றது. சேலைத்தலைப்பைக் கடித்துக்கொண்டு ஒரு அம்மாள் மலையை அண்ணாந்து பார்த்தாள். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற மலையை அன்றுதான் பார்ப்பவள்போல. அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது.

இவர் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது இடைவெளி வந்தது. கிருஷ்ணகிரி பதில் சொல்லி முடித்தது. எல்லோரும் அடுத்த வரிக்குக் காத்திருந்தார்கள். அவர் மட்டும் ராஜகிரிக்குக் காத்திருந்தார். அவர் அதற்குத்தான் காத்திருக்கிறார் என்று நான் அறிவேன். அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் முள்ளை எடுத்து, நாதஸ்வரத் தட்டின் ஓரத்தில், சத்தமே வராமல், இறக்கினேன்.

இரண்டு குழாயிலும் கெட்டிமேளத்தோடு நாதஸ்வரம் பொங்கியது. ராஜகிரியின் பதில் அதற்குள் போய்விட்டது. ஒரு விநாடி கூட்டம் விழித்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு குரல்: "டியூப் லைட்டு பீஸ் பூட்சிடோய்!" அவ்வளவுதான். சிரிப்பு. பெண்கள், கிழவர்கள், பிள்ளைகள். மலையும் சேர்ந்து சிரித்தது. நான் வைத்த பெயர் அது.

அவர் அப்பா இடுப்பிலிருந்து துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சனமும் எழுந்தது.

அவர் தட்டு முடியும்வரை நின்றார். மூன்று நிமிஷம் இருக்கும். பிறகு ஒயரைப் பிடுங்கிச் சுற்றினார். நான் கிட்டே போய், "மறந்துட்டியோன்னு நெனச்சுட்டேன்டா. பழக்கம். கை தானா போயிடுச்சு" என்றேன்.

ஒரு மூச்சு. "சரி" என்றார்.

ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் முதுகில் தட்டி, "நல்லவேள தம்பி, டக்குனு போட்ட. பொங்கலும் அதுவுமா குழா நிக்கலாமா?" என்றார். மைக் செட்காரனின் பழக்கம் எனக்குச் சாட்சி சொன்னது. நான் அதன் பின்னால் பல வருஷம் ஒளிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் அவர் மெட்ராஸ் பஸ் ஏறினார். சாக்கில் கட்டிய கிதாரை மேலே போடச் சொன்ன கிளீனரிடம் மடியிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னாராம். அடுத்த வருஷம் அவர் பெயர் முதல்முதலாகப் பேப்பரில் வந்தபோது, பாண்டி பஸ் கண்டக்டர் எங்கள் கடை வாசலில் நின்று சொன்னார்: "நம்ம வண்டியில போன ஆளுப்பா! யோசிச்சுத்தான் பதில் சொல்வாரு. பெரிய ஆளுங்க அப்படித்தான்."

அங்கே அவர் எப்படி வளர்ந்தார் என்று எனக்குச் சொன்னவர் போங்கோக்காரர். அவரும் பின்னால் மெட்ராஸ் போய்விட்டார். முதலில் சின்ன அரங்குகளில் தனியாக வாசித்தாராம். கூட்டம் இல்லாத நாளிலும் இடைவெளி அதே நீளம்தானாம். பிறகு கூட்டம் வந்தது. தனி கிதாருக்கென்று ஆட்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தார்கள். அப்புறம் சினிமாவுக்குப் பின்னணி இசை. இருபது வயலின்காரர்கள் வில்லைத் தூக்கிக்கொண்டு, இவர் கை இறங்கக் காத்திருப்பார்களாம். முதல் நாள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அவர்களுக்கும் அந்த மூச்சு பழகிவிட்டது.

ஒரு டைரக்டர் சண்டை போட்டாராம். "ஹீரோயினி அழுவுற சீனு. இங்க எதுக்கு சும்மா வுட்டீங்க?"

"அந்தம்மா அழுவுறாங்க" என்றாராம் இவர், தன் நேரத்தை எடுத்துக்கொண்டு. "நாம எதுக்கு நடுவுல பேசறது?"

அந்தப் படம் திண்டிவனத்துக்கு வந்தபோது மூன்று முறை போனேன். அந்த இடம் வந்தது. கொட்டகை முழுக்க ஒரு சத்தமில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "சவுண்ட வுடுடா டேய்!" என்று கத்தினான். நான் எழுந்து நின்று திரும்பி, "பொறுய்யா! அது எங்க ஊர்க்காரர் வுட்ட எடம்!" என்றேன். மூன்று முறையும் யாராவது ஒருவன் கத்தினான். மூன்று முறையும் நான் எழுந்தேன். மூன்றாவது முறை கொட்டகைக்காரர் என்னை வெளியே வந்து நிற்கச் சொன்னார்.

பெருமை அப்படி. ஆனால் அவர் இரண்டு முறை செஞ்சிக்கு வந்தபோது நான் ஒரு முறை பின்கதவு வழியாகவும், ஒரு முறை உடம்பு சரியில்லை என்று சொல்லியும் தப்பித்தேன். கடைக்கு வந்து விசாரித்தாராம். என் முகத்தைப் பார்த்து, ஒரு மூச்சு நின்று, ஒன்று கேட்டுவிட்டால் என்ன செய்வேன்? கடைசிவரை அவரிடம் நேரில் நான் சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை.

சொன்னது ஒருவரிடம்தான். எழுபதுகள் முடிகிற சமயம். அவர் அப்பா கடைக்கு வந்தார். நன்றாக வயதாகியிருந்தது. துண்டில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். புத்தம்புதிய இசைத்தட்டு. உறையில் மகனின் பெயரும், கிதாரின் படமும்.

"வூட்டுல பெட்டி இல்ல. இத்தக் கொஞ்சம் போட்டுக் காட்டு தம்பி."

"தாராளமா, மாமா. தபால்ல வந்துச்சா?"

"வந்துச்சு. லெட்டரும் வந்துச்சு. யாராண்ட வேணா போட்டுக் கேளு, ஆனா மொத மொத உன் கையால போடச் சொல்லிக் கேளுன்னு எழுதிக்கிறான்."

போட்டேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. புளியமரத்தடி. வரி முடிந்தது. பிறகு ஒன்றுமில்லை. முள் ஓடும் இரைச்சல் மட்டும். அப்புறம் இரண்டாவது வரி.

பெரியவர் தட்டைக் குனிந்து பார்த்தார். "கெட்டுப்பூட்சா? நடுநடுவுல காணுமே?"

நான் முள்ளை எடுத்துவிட்டேன். மெட்ராஸ் ஸ்டுடியோவில் மலை இல்லை. வேறு வாத்தியத்தை வைத்து அவர் அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம், சுலபமாக. நிரப்பாமல் விட்டிருக்கிறார். மெட்ராஸில் அதை வாங்கியவர்கள் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது முழுதாகக் கேட்கும் இடம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு.

"கெடல மாமா. வாங்க" என்றேன்.

ஒரு மாட்டுவண்டி பிடித்து பிளேயர், பேட்டரி, இரண்டு குழாய் எல்லாவற்றையும் ஏற்றினேன். புளியமரம் அப்படியேதான் இருந்தது. ஒரு குழாயைக் கிருஷ்ணகிரிக்கும் ஒன்றை ராஜகிரிக்கும் திருப்பினேன். நாலு மணி வெயில். மேய்கிற ஆடுகளைத் தவிர யாருமில்லை. பெரியவர் அன்றைக்கு நின்ற அதே இடத்தில் போய் நின்றார்.

போட்டேன். முதல் வரி. முள்ளின் இரைச்சல். அதன் மேல் கிருஷ்ணகிரி வந்து உட்கார்ந்தது, கச்சிதமாக. இரண்டாவது. பெரியவர் மலையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது இடைவெளி வந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கிருஷ்ணகிரி சொல்லி முடித்தது. காத்திருந்தோம். முதுகுப் பக்கமிருந்து ராஜகிரி, நிதானமாக, வயதானவர் குரலில் சொன்னது. அதன் வாலில் கிதார் ஏறியது. அந்தக் கடைசி வரியை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன். அதைப் பற்றி எழுத எனக்குச் சங்கீதம் போதாது. அன்று அந்தக் கூட்டம் இதைக் கேட்டிருந்தால் ஒருவரும் எழுந்து போயிருக்க மாட்டார்கள். அது மட்டும் தெரியும்.

தட்டு நின்றது.

"மாமா" என்றேன். "அன்னிக்கு நான் தெரிஞ்சேதான் போட்டேன். பழக்கத்துல இல்ல. அவன் போயிடக்கூடாதுன்னு போட்டேன்."

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னது முழுதாக வந்து சேரட்டும் என்று நின்றார். மகனுக்கு அந்த மூச்சு எங்கிருந்து வந்தது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"தெரியும்" என்றார். "அன்னிக்கே வூட்டுக்கு வந்து சொன்னான். அவசரத்துல போட்டா முள்ளு கீறும் நைனா, அவன் பூ வெக்கிற மாதிரி வெச்சான்னு."

நான் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு வருஷம். அவர் அந்த 'சரி'யைச் சொன்னபோதே எல்லாம் தெரிந்துதான் சொன்னார். தெரிந்துதான் இந்தத் தட்டையும் என் கைக்கு அனுப்பியிருக்கிறார்.

"இன்னா, மரத்தப் புட்சிக்கினு நிக்கற?" என்றார் பெரியவர். "இன்னொரு வாட்டி போடு. இந்த வாட்டி மலையப் பாத்துக்கினு கேக்கறேன்."

முள்ளை எடுத்தேன். தட்டின் ஓரத்தில் வைக்கப் பார்த்தேன். அது வழுக்கி, 'கீச்'சென்று குறுக்கே கீறிக்கொண்டு ஓடியது. ஆடுகள் தலையைத் தூக்கின. கிருஷ்ணகிரி அதை வாங்கி, ஒரு சுரமும் குறையாமல், திருப்பிக் கொடுத்தது.

பெரியவர் சிரித்துவிட்டார். நான் பதறிப்போய் முள்ளைத் தூக்கி மறுபடி வைக்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"பொறு" என்றார். "ராஜகிரி இன்னும் சொல்லல."